அதிகாரிக்காக ஒரு லேபிள்

லேபிள் யாருக்காக என்று கேட்டால், வாங்குகிறவருக்காக என்று எந்த டிசைனரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் நானும் அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். என் கணவர் கதிரேசனுக்கு லவுத்தோக்காவில் டாக்டர் வேலை கிடைத்து, கம்ப்யூட்டரையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு ஃபிஜிக்கு வந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரக்கிரக்கியில் மோகினி அக்காவின் மசாலாவுக்கு லேபிள் செய்யப் போனேன். அதோடு அந்தப் பேச்சு பொய்த்துப்போனது.

இரண்டாயிரத்தில் ஃபிஜியில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு வந்த மாதங்கள் அவை. குத்தகை முடிந்த கரும்புக்காரர்கள், வாத்தியார்கள், கணக்கெழுதுகிறவர்கள் என்று வாரம் தவறாமல் யாராவது கழுத்தில் மாலையோடு நாட்டை விட்டே விமானம் ஏறினார்கள். அக்கா, பினாங்கு என்று பெயர் வைத்த உள்ளூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கொஞ்சம் தள்ளி மசாலா அரைக்கும் மிஷின் வைத்திருந்தார். அவரிடம் அரைக்க வந்தவர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். மிஷினை விற்றுவிட்டு நாமும் பிரிஸ்பேனுக்குத் தம்பியிடம் போய்விடலாம் என்பது அவர் கணவர் ஷைலேந்திராவின் கட்சி. அக்கா பிடி கொடுக்கவில்லை.

"பூறவங்க பூட்டும். எனக்கு இந்த மிஷின் ஓடணும், அவ்ளோதான்" என்றார் என்னிடம். கோயிலில் பஜனை பாடிப் பாடிக் காப்பாற்றிய தமிழ் அவருடையது. "பூறவங்க அல்லாரும் பால் டின்ல மசாலா கொட்டிக்கினுதான் பூறாங்க. அதையே அழகா பாக்கெட் போட்டுக் குடுத்தா வாங்க மாட்டாங்களா? ஏக்தம் ஜோரா செய்யி, தங்கச்சி."

ஜோராகத்தான் செய்தேன். காலை வெயிலில், அவர் வீட்டுக் கொல்லையில், செம்மண் ஒட்டிய வேரோடு கொத்தமல்லிக் கட்டு, பக்கத்தில் காம்போடு மிளகாய்க் குவியல். படம் கழுவி வந்ததும் எனக்கே என் மேல் காதல் வந்துவிட்டது. மேலே வளைந்து நெளிந்த எழுத்தில் 'ஹோம் மேட்' என்று பெரிதாக ஆங்கிலத்தில் போட்டேன். என்னென்ன சேர்த்திருக்கிறது என்பதையெல்லாம் எழுதினால் படம் கெட்டுவிடும் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். ரக்கிரக்கி மார்க்கெட்டில் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

முதலில் கொண்டுபோனது அக்காவின் பக்கத்து வீட்டு சரோஜ். ஆக்லாந்து விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிற அதிகாரி பாக்கெட்டைத் தூக்கி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். ரக்கிரக்கியில் ஒரு பொருளை உசத்திச் சொல்ல என்ன வார்த்தை உண்டோ அதையே சரோஜ் பெருமையாகச் சொல்லிவிட்டார்: "ஹோம் மேட்!" அதிகாரி படத்தில் இருந்த வேரைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார்; இரண்டும் அந்த நாட்டுக்குள் நுழையவே கூடாதவை. உள்ளே என்ன இருக்கிறது என்று தேடினார், ஒரு வரி இல்லை. அத்தனை பாக்கெட்டும் குப்பைத் தொட்டிக்குப் போயின.

சரோஜ் போனில் அழுத அழுகை ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்கப்புறம் ஒருவரும் வாங்கவில்லை. ஷைலேந்திரா சும்மா இருப்பாரா? பா என்கிற பக்கத்து ஊரிலிருந்து பழைய இரும்பு எடுக்க வரும் பல்ராமை வியாழக்கிழமை லாரியோடு வரச் சொல்லிவிட்டார். அக்காவின் தங்கை ரஜ்னீதா அதே வியாழக்கிழமை காலை ஆக்லாந்து போவதாக இருந்தாள். "அவ கையில கடைசியா ஒரு தபா குடுத்துப் பாக்கறேன். அதுவும் பூட்டா, மிஷினை எடுத்துக்க" என்று அக்கா புருஷனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் அந்த அதிகாரியைத் திட்டினேன். ரசனை கெட்டவன், கொத்தமல்லியின் அருமை தெரியாதவன். பிறகு சரோஜைத் திட்டினேன். திட்டி ஓய்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அக்காவின் மசாலாவை வாங்குகிறவர் யாரும் லேபிளைப் படிப்பதில்லை. அவர்களுக்கு ருசி தெரியும், அக்காவைத் தெரியும். அந்த லேபிளை எழுத்து விடாமல் படிக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், அவரை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் அலங்காரம் செய்திருக்கிறேன்! காலையிலிருந்து நின்றுகொண்டே பெட்டி பெட்டியாகக் கிளறுகிற மனிதர். அவருக்குப் பசியைத் தூண்டி என்ன ஆகப்போகிறது? சந்தேகம் தீர வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேஜையில் கதிரேசன் போட்டு வைத்திருந்த மருந்து அட்டைப் பெட்டிகளைப் பார்த்தேன். வெள்ளை. பெயர், உள்ளே இருப்பது, செய்தவர் யார், என்றைக்குச் செய்தது. ஒரு பூ கிடையாது. அதைப் பார்த்து எவரும் முகம் சுளிப்பதில்லை.

அப்படியே செய்தேன். வெள்ளை உறை, நேரான கறுப்பு எழுத்து. வறுத்து அரைத்த மசாலாத் தூள் என்று ஆங்கிலத்தில் பெயர். சேர்மானம் முழுவதும், மிஷின் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசன்ஸ் நம்பர், முகவரி, தேதி. படம் சின்னதாக ஒன்றே ஒன்று: வெள்ளைப் பின்னணியில் எவர்சில்வர் கரண்டி நிறையத் தூள். உறையின் வாயைச் சூடு வைத்து ஒட்டினோம்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இன்னா தங்கச்சி இது, வவுத்து வலி மாத்திரை மாதிரி கீது? வூடுன்னு ஒரு வார்த்தை இல்லியே."

"வீடு உள்ளே இருக்கு அக்கா. வெளியே ஆபீஸா இருக்கட்டும்."

பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சரி, போடு" என்றார்.

வியாழக்கிழமை மதியம் பல்ராமின் லாரி வாசலில் நின்றது. அவர் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்தார். ஷைலேந்திரா மிஷினின் அடி போல்ட்டுகளில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா போன் பக்கத்தை விட்டு நகரவில்லை, நானும்தான்.  கண்காட்சியில் பரிசு அறிவிக்கிறபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

மணி அடித்தது. ரஜ்னீதாவுக்குத் தமிழ் வராது, இந்தியில் பேசினாள். எனக்கு இந்தி அரைகுறை. அக்கா கேட்கக் கேட்க எனக்குச் சொன்னார்.

"எடுத்தானாம்... திருப்பிப் பாத்தானாம்... ஃபுல்லா படிச்சானாம்..." நிறுத்தினார்.  "பொட்டில திரும்ப வெச்சு, ஜிப்பையும் அவனே மூடுனானாம், தங்கச்சி!"

நான் கத்திய கத்தலில் பல்ராம் டீயைக் கொட்டிக்கொண்டார். அந்தப் பெயர் தெரியாத அதிகாரி என் லேபிளைக் கடைசி வரி வரை படித்திருக்கிறார்! என் தொழிலில் எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன். எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு ஜிப்புக்கு ஈடாகாது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து வராந்தாவுக்குப் போனார். "மிஷின் விக்கிறதுக்கு இல்ல, அண்ணே."

ஷைலேந்திரா எண்ணெய்க் கையோடு எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பல்ராம் மேஜையிலிருந்த வெள்ளைப் பாக்கெட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது நெசமாவே உள்ள வுட்டாங்களா?"

"உட்டாங்க."

"எங்க அண்ணன் வூட்டுல அல்லாரும் அடுத்த மாசம் ஆக்லாந்து பூறாங்க. மச்சான் வூடும் பூறாங்க. எத்தினி பாக்கெட் குடுப்பீங்க?"

அக்கா புருஷனைப் பார்த்தார். ஷைலேந்திரா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மிஷினை ஓட விட்டார். எண்ணெய் விட்டிருந்ததால் அது அன்றைக்கு ரொம்ப நன்றாக ஓடியது.