பலகைக்குப் பின்னால் இருந்தவள்

அவளுடைய தம்பி விஷயத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பாதிப் பேருக்கு அவன் மேதை. மீதிப் பேருக்கு எத்தன். கேள்வி கேட்டால் மனிதக் குரலில் பதில் சொல்லும் பெட்டியைச் செய்து விற்று அவன் பெரிய ஆளாகியிருந்தான். யார் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெட்டி பேசிக்கொண்டிருக்கும். அக்காவுக்கு அவன் மேதையும் இல்லை, எத்தனும் இல்லை. வாயைத் திறந்தால் ‘நான்’ என்று மட்டுமே வரும் தம்பி, அவ்வளவுதான்.

அவனிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர் பத்திரிகையில் எழுதிவிட்டார்: “ஆரம்பத்தில் அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. பார்க்க வந்தவர்களுக்குப் பதில் சொன்னது பெட்டி அல்ல, பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஓர் ஆள். அந்த ஆள் தட்டியதைப் பெட்டி வெறுமனே வாசித்தது. விசைகள் தட்டும் சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். ஆள் யாரென்று மட்டும் தெரியாது.”

அந்த ஆள் அக்காதான். படித்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை காலம் கழித்து யாரோ தன் பக்கம் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது.

தடுப்புக்குப் பின்னால் போவதற்கு முன்பு அவள் ஒரு மருத்துவமனையின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள். “டாக்டர் வந்துட்டாரா?” என்று ஒருவர் கேட்டால், உள்ளே படுத்திருக்கும் தன் ஆள் பிழைப்பாரா என்றுதான் அவர் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியவில்லை. “வந்துவிட்டார்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. அதனால்தான் தம்பி அவளைக் கொண்டுவந்து தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தான். வெளியே நின்று, வந்தவர்களுக்குப் பெட்டியைக் காட்டியது எப்போதும் அவன்தான். அவள் தட்டிய பதில்களையெல்லாம் சேர்த்து வைத்து, அவற்றைப் படித்துத்தான் பெட்டி பேசவே கற்றுக்கொண்டது. இது மோசடியா, பாடம் நடத்தியதா என்று அவளும் வெகுநாள் யோசித்திருக்கிறாள். எதுவாக இருந்தாலும் அது அவள் செய்த வேலை. அதை அவன் வாயால் ஒருமுறை, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“பேரு வந்தா என்ன, சோத்துல போட்டுப் பிசைஞ்சு சாப்பிடப் போறியா?” என்றார் கணவர். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியின் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

கண்ணாடி அறையில் தம்பியும் வக்கீலும் இருந்தார்கள்.

“நாளைக்கு எல்லாத்தையும் ஒத்துக்கப் போறேன்க்கா,” என்றான் தம்பி. “பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டாச்சு. பின்னால ஆள் இருந்தது நிஜம்னு சொல்லிடறேன்.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. “என்னைப் பத்தி என்ன சொல்லுவ?”

தம்பி வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“உள்ள உட்கார்ந்திருந்தது சாரேதான்னு சொல்லப் போறோம், மேடம். தானே கஷ்டப்பட்டுப் பெட்டிக்குக் கத்துக்குடுத்தார்னா ஜனங்க மன்னிச்சிடுவாங்க. சொந்த அக்காவ ஒளிச்சு வெச்சு ஏமாத்தினார்னா நாறிடும்.”

அவள் வக்கீலை விட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். “ஏன்டா, எத்தன் பட்டத்துலகூட எனக்குப் பங்கு தர மாட்டியா?”

“உனக்காகத்தான்க்கா. உன் பேரு தெருவுல இழுபடக் கூடாது.”

“இழுபடறதுக்கு என் பேரு எங்கடா இருந்துச்சு?”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே ஒரு லாரி பின்னால் வந்து, நின்று, மறுபடி பின்னால் வந்தது. சின்ன வயதிலிருந்தே பதில் இல்லாதபோது அவன் இப்படித்தான்.

“நாளைக்கு நீங்க வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது,” என்றார் வக்கீல்.

மறுநாள் அவள் பத்திரிகைக்காரர்கள் கூடிய அரங்கத்துக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

தம்பி நன்றாகப் பேசினான். அதில் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. “அந்த இடம் ஒரு பீரோ அளவுதான். மின்விசிறி போட முடியாது, சத்தம் வெளிய கேட்டுடும். வேர்த்து ஊத்தும். தும்மல் வந்தா முந்தானை...” ஒரு நொடி நின்றான். “கைக்குட்டைய வாயில அடைச்சுக்கணும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலையை எடுத்துக்கொண்டான், போகட்டும். அவளுடைய வியர்வையையும் தும்மலையும்கூடவா? அதைவிட எரிச்சல், முந்தானை என்றது ஒருவர் காதிலும் விழவில்லை. போன வாரம் அவனை எத்தன் என்று எழுதிய நிருபர் முன்வரிசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓயவே இல்லை. ஒப்புக்கொண்டதிலேயே அவன் முன்பைவிடப் பெரிய மனிதனாகிக்கொண்டிருந்தான்.

கேள்வி நேரம் வந்தது. அக்கா கையைத் தூக்கினாள். ஒரு பெண் ஓடிவந்து மைக்கைக் கொடுத்தாள்.

“நீங்க உள்ள உட்கார்ந்து தட்டிட்டிருந்தீங்க,” என்றாள். அவனை நீங்க என்று அவள் அழைத்தது அதுதான் முதல் தடவை. “அப்போ வெளிய நின்னு, வந்தவங்களுக்குப் பெட்டியக் காட்டிட்டிருந்தது யாரு?”

தலைகள் திரும்பின. பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து, “நீங்க எந்தப் பத்திரிகை?” என்றார்.

தம்பி மைக்கில் சிரித்தான். “இவங்க எங்க அக்கா. வீட்ல கேக்கறது பத்தாதுன்னு இங்கயும் வந்துட்டாங்க.”

அரங்கமே சிரித்தது. வக்கீல் ஓரத்திலிருந்து மைக் கொடுத்த பெண்ணுக்குக் கையைக் காட்டினார். அவள் வந்து மைக்கைப் பிடித்தாள்.

“குடுங்கம்மா, அடுத்தவங்க கேக்கணும்.”

அக்கா விடவில்லை. சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடி துடைத்தவர் அதை மாட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“இரும்மா,” என்றாள் அக்கா. “அவன் இன்னும் பதில் சொல்லல.”