கயிற்றின் கனம்

தேருக்கு எஞ்சின் வைக்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவர் கோயில் தலைவர். அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் ஸ்பானர். வண்டிப் பட்டறை வைத்திருக்கும் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்த அக்காவும் அப்படித்தான்.

மூன்று மாதம் ராப்பகல் பாராமல் உழைத்து, பழைய வேன் ஒன்றின் எஞ்சினை முருகன் தேரின் வயிற்றுக்குள் பொருத்திவிட்டார். தேரும் லேசுப்பட்டதல்ல. இரண்டு மாடி உயரம், சுற்றிலும் எட்டு மர மயில்கள், உச்சியிலிருந்து தரைவரை பட்டுத் தொங்கல்கள். "இனிமே யாரும் மூச்சு வாங்க வேண்டாம். சாமி ராஜா மாதிரி தானாப் போவாரு" என்று தலைவர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊரின் மேயரையும் அழைத்துவிட்டார். கயிறு ஒன்றும் கட்டினார்கள், பேருக்கு.

திருவிழாக் காலையில் சாவியை ஒரு திருகு திருகியதுமே எஞ்சின் உயிர் பெற்றது. கூட்டம் அரோகரா போட்டது. தேரின் முன்பக்கம், சிறு ஜன்னல் வைத்த பெட்டிக்குள் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்த ஸ்பானருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவது தெருவில்தான் கவனித்தார். கயிறு தொய்ந்து தார் ரோட்டில் புரண்டது. பிடித்திருந்தவர்கள் இழுக்கவில்லை, பின்னால் வரும் தேர் காலை மிதித்துவிடுமோ என்று எட்டி நடந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கையை விட்டு, ஓரமாக நின்று போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். கயிற்றோடு மிஞ்சியவர் அக்கா ஒருவர்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இழுக்க இழுக்கக் கயிறு சும்மா கைக்கு வந்துகொண்டே இருந்தது.

அர்ச்சனைக்காகத் தேர் முச்சந்தியில் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றைத் தடவிக்கொண்டே வந்த அக்கா ஜன்னலைத் தட்டினார்.

"ஸ்பானர், சாமி இறங்கிட்டாரா?"

"மேலதான்கா இருக்காரு. ஏன்?"

"கயித்துல அவரு இல்லையேடா. வருஷா வருஷம் அந்தக் கனத்துலதான் நான் அவரைப் பாக்கறது. இன்னிக்கு வெறும் கயிறா இருக்கு."

பஸ் போய்விட்டதா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். ஸ்பானருக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் மூச்சு வாங்குவதை நினைத்தவருக்கு வீட்டிலிருப்பவரின் நினைப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆனால் வெளியே மேயர் நிற்கிறார். ஊரே பார்க்கிறது. வைத்த எஞ்சின் நடுத்தெருவில் நின்றுபோனது என்றால் ஒரு மெக்கானிக்குக்கு அதைவிடத் தலைகுனிவு உண்டா? நாளைக்கு எவன் வண்டியைக் கொண்டு வருவான்?

சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா ஆச்சு?" தலைவர் ஓடி வந்தார்.

"எஞ்சின் படுத்துருச்சு தலைவரே. இழுத்துத்தான் ஆகணும்."

"மேயர் முன்னாடி மானத்த வாங்கிட்டியேய்யா!"

வழக்கமாக இழுக்கிற நாற்பது பேரும் முக்கிப் பார்த்தார்கள். எஞ்சின் கனமும் சேர்ந்துகொண்டதில் தேர் அசைவேனா என்றது. தலைவருக்கு வேறு வழியில்லை. "நிக்கிறவங்க எல்லாரும் வாங்க! யாரா இருந்தாலும் வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வந்தார். எந்தச் சாமியையும் கும்பிடாத பல் டாக்டர் வந்தார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத தபால்காரம்மா பையை மதில்மேல் வைத்துவிட்டு வந்தார். மேயரே ஷூவைக் கழற்றினார். யார் என்ன சாதி, எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மூச்சும் இல்லை.

கயிறு விறைத்தது. தேர் ஒரு முறை முனகிவிட்டு நகர்ந்தது.

"வந்துட்டாரு!" என்றார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

தேரோடு கூடவே நடந்துவந்த தன் மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு வந்த ஸ்பானர், அக்காவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். இத்தனை வருஷமும் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டே பழகியவருக்கு இந்தக் கனம் புதிது. நன்றாகத்தான் இருந்தது.

"பட்டறையில எத்தனை வருஷம்டா நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்?" அக்கா திரும்பாமலே கேட்டார்.

"இருபது இருக்கும். ஏன்கா?"

"தானா நின்ன எஞ்சினுக்கும் நிறுத்தின எஞ்சினுக்கும் சத்தம் வேறடா. தலைவருக்குத் தெரியாது. எனக்குமா தெரியாது?"

ஸ்பானர் ஒரு கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சாவி எங்க?"

"பையில."

"அங்கயே இருக்கட்டும். இழு."