தரகர் மல்லாந்து படுத்துப் பழகிய எட்டு நாள்

சாணார்பட்டிப் பக்கத்தில் மாட்டுத் தரகு பார்த்துவந்த நல்லுசாமி, தன் ஆயுசில் தான் செய்த மடத்தனம் ஒன்றே ஒன்று என்று சொல்வார். மற்றதெல்லாம் அடுத்தவர்கள் அவரைச் செய்யவைத்தவை. அந்த ஒன்றை மட்டும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பிடித்து உட்காரவைத்துச் சொல்வார். தன்னைத் திட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் குரல் தானாக உயரும். கேட்பவர்களுக்கும் அந்த இடம்தான் பிடிக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நடந்தது அது. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்குப் பக்கம். விலை பேசுவது துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, அதற்குக் கண் வேண்டியதில்லை. மாட்டைப் பார்க்கத்தான் கண் வேண்டும். கண் போன மாட்டைக் கண்டுபிடிப்பதில் திண்டுக்கல் சந்தையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நல்லுசாமிக்கு ஒரு மிதப்பு. மாட்டின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்துத் திருப்திப்படுகிற தரகர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். குருட்டு மாடு பழகின தடத்தில் கூசாமல் நடக்கும், ஜோடி மாட்டின் மணிச் சத்தத்தை வைத்தே வண்டி இழுக்கும், புது இடத்தில் தனியாக விட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும் என்பார். அப்படி எத்தனையோ மாட்டைப் பிடித்திருக்கிறார். "கண்ணு போனதை வச்சு என்னத்தச் செய்ய? அடிமாட்டுக்கு ஓட்டிவிடு" என்று வாசலில் நின்று அவர் போடும் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கும்.

அப்பேர்ப்பட்ட நல்லுசாமி, ஒரு நாள் சந்தையில் வயசு பார்க்க ஒரு மயிலைக் காளையின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "ஆறு பல்லு" என்று அடித்துச் சொன்னார். வாங்க வந்த சின்னக்கண்ணு குனிந்து பார்த்தான். "அண்ணே, எட்டும் முளைச்சுத் தேஞ்சே போச்சு. நீங்க எந்த மாட்டைப் பாத்தீக?" என்றான். சந்தையே சிரித்தது. நல்லுசாமிக்கு எங்கேயாவது மாட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

நடந்தது என்னவென்றால், கொஞ்ச நாளாகவே கிட்டத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் தெளியும். மாட்டின் வாயை அப்படித் தள்ளிப் பிடிக்க மாடு சம்மதிக்க வேண்டுமே.

பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், போன வருஷம் கண் ஆபரேசன் செய்துகொண்டு வந்தவர். அதிலிருந்து ஊரில் கண் சம்பந்தமாக அவர் சொல்வதுதான் சட்டம். தன் சோடாபுட்டிக் கண்ணாடி வழியே நல்லுசாமியின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "புரைதான் தரகரே. நல்லா முத்திருச்சு" என்றார்.

"முத்திருச்சா?"

"ஆபரேசன்தான். அது ஒண்ணும் பெரிசில்ல. அதுக்கப்புறம் எட்டு நாளு இருக்கு பாருங்க, அதான் சீவன் போற சோலி. மல்லாந்து படுத்தது படுத்தபடி கெடக்கணும். தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சுருவாக. ரெண்டு கண்ணையும் கட்டிருவாக. இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஒரு தும்மல் தும்முனீரு, கண்ணு காலி."

நல்லுசாமி பொடி போடுகிறவர். விடிந்து எழுந்தால் ஏழெட்டுத் தும்மல் தும்மாமல் அவருக்குப் பொழுது ஓடாது. ஆபரேசன் என்றதும் வராத பயம், தும்மல் என்றதும் வந்துவிட்டது. பயந்துபோனார் என்று சொல்லிவிடுவதே மேல், அவரே அப்படித்தான் சொல்வார்.

ஆனால் தரகர் லேசில் தோற்கிறவர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை தோறும் மதுரையிலிருந்து டாக்டர் வருவார். அங்கே போய் விசாரித்ததில் கம்பவுண்டர், "அடுத்த வாரம் வாங்க. டாக்டர் பாப்பாரு. ஆபரேசன் தேவைன்னா அன்னைக்கே சேத்துக்கிருவாரு" என்றார். நல்லுசாமியின் காதில் கடைசி வார்த்தைகள் மட்டும் ஏறின. ஊருக்கு வந்ததும் கயிற்றுக் கட்டிலைக் கூடத்தில் போடச் சொன்னார். எட்டு நாள் இருக்கிறது, எட்டு நாளும் மல்லாந்து படுத்துப் பழகிவிட்டால் ஆஸ்பத்திரியில் சிரமம் இருக்காது என்பது அவர் கணக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பையன்கூட அத்தனை சிரத்தையாகப் படிக்க மாட்டான்.

மணலுக்குப் பதிலாகக் கேப்பையைச் சின்னச் சின்னப் பையில் கட்டித் தலைக்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டார். பொடி மட்டையை ஓட்டின் இடுக்கில் செருகிவைத்தார், தும்மல் வந்தால் மேலுதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கால் இரண்டையும் உதறினார். மூன்றாம் நாள் கேப்பையை மோப்பம் பிடித்து ஒரு கோழி அவர் காதோரம் வந்து கொத்தியது. அசையக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அந்தக் கோழிக்கு இருந்த புத்தி தனக்கு இல்லை என்பார் இப்போது.

பணிவிடை முழுக்க அவர் மனைவி ராமுத்தாய் தலையில் விழுந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. மெல்லக் கூடாது என்பதால் கஞ்சிதான், அதையும் கரண்டியால் ஊட்ட வேண்டும். ராமுத்தாய் ஊட்டிய முதல் கரண்டி மூக்கில் போயிற்று. இரண்டாவது தாடையில் வழிந்தது. மூன்றாவது, வாய்க்குள் போனது. அதற்கு அவள் இடது கையால் அவர் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, கண்ணைக் கட்டியிருக்கிறது எனக்கா உனக்கா?" என்று அதட்டினார் நல்லுசாமி.

"செத்த நேரம் வாயத் தொறந்தபடி இருங்க" என்றாள் அவள். அவ்வளவுதான்.

எட்டாம் நாளுக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆரஞ்சுப் பழம் சேர்ந்தது. நல்லுசாமி படுத்தபடியே, தான் திரும்பி வராவிட்டால் செவலை மாட்டை யாருக்குக் கொடுப்பது, வண்டிக்கு எப்போது மை போடுவது என்று உத்தரவு போட்டார். ராமுத்தாய் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ஸ்தனிஸ்லாஸ் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார்.

புதன்கிழமை காலையில் திண்டுக்கல் பஸ் ஏறினார்கள். ராமுத்தாய் அவர் முழங்கையைப் பிடித்த பிடி விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தபோதும் அப்படித்தான். நம்மைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போகிறாளே என்று நல்லுசாமிக்கு உருக்கமாக இருந்தது. தன்மேல் தனக்கே இரக்கம் வந்து கண் கலங்கினார்.

ஆஸ்பத்திரியில் ராமுத்தாயை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் இருட்டறையில் விளக்கடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தார். தன்னைப் போலவே நிதானமான ஆள் என்று நல்லுசாமிக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"கண்ணு நல்லா இருக்கு. வெள்ளெழுத்துதான். கண்ணாடி எழுதித் தர்றேன்" என்றார் டாக்டர்.

நல்லுசாமிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "நல்லாப் பாருங்க சாமி. முத்திருச்சுன்னு சொன்னாகளே."

"யாரு சொன்னா?"

"ரயில்வேக்காரரு."

டாக்டர் சிரித்தார். "ரயில்வேயில அதையும் பாக்கறாங்களா?"

"எட்டு நாளா மல்லாந்து படுத்துப் பழகியிருக்கேன் சாமி. தும்மலு கூட நிப்பாட்டிட்டேன்" என்றார் நல்லுசாமி. ஆபரேசன் இல்லாமல் ஊருக்குள் எந்த முகத்தோடு போவது, ஆரஞ்சுப் பழம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் கவலை. ஒரே ஒரு கண்ணையாவது அறுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியிருப்பார், அதற்குள் நர்சம்மா வாசல் பக்கம் திரும்பி, "அம்மா, உள்ள வந்து அய்யாவைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ராமுத்தாய் எழுந்தாள். குரல் வந்த பக்கமாக, நிமிர்ந்து, தயங்காமல் நடந்து வந்தாள். நடுவில் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் துணி போட்ட மறைப்பு ஒன்று நின்றது. அதன்மேல் நேராக வந்து மோதினாள். மறைப்பு சாய்ந்து, அதன் பக்கத்தில் முக்காலியில் இருந்த பேசின் உருண்டு, தண்ணீர் கொட்டியது.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு வார?" என்று கத்தினார் நல்லுசாமி.

கத்திய வாய் மூடவில்லை. விழுந்த பேசினை எடுக்கக் குனிந்தவள், அது கிடந்த இடத்தை விட்டு வெறுந்தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். தெரியாத இடம். தனியாக வந்திருக்கிறாள். முப்பது வருஷம் ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம், அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கஞ்சி ஏன் மூக்கில் போயிற்று, கொஞ்ச காலமாகவே சோற்றில் ஏன் கல் கிடந்தது, காலையிலிருந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் யார், நடத்திக் கூட்டிவந்தவர் யார் என்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது.

டாக்டர் அவளை உட்காரவைத்துப் பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணை இப்போதே ஆபரேசன் செய்தால் பார்வை வரும். இடது கண்ணில் முத்தி, உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பே செத்துவிட்டது. அதில் இனி வெளிச்சம்கூடத் தெரியாது. "போன வருசம் வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். "எத்தனை நாளாம்மா தெரியல?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?" என்று கேட்டார் நல்லுசாமி. கேட்டபோது குரல் அதட்டலாகத்தான் வந்தது. பழக்கதோஷம்.

ராமுத்தாய் அவர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கண்ணு போனதை என்ன செய்வீகன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை கேட்டிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேசிமுடித்த விலையைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

டாக்டரும் நர்சம்மாவும் தன்னைப் பார்ப்பது நல்லுசாமிக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்று நின்றார். அழுகை வந்தது, அதையும் அவர்கள் பார்த்தார்கள்.

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள், சாயங்காலத்துக்குள் வலது கண்ணில் ஆபரேசன் முடிந்தது. எட்டு நாளும் அவள்தான் மணல் மூட்டைக்கு நடுவே கிடந்தாள். எந்தப் பழக்கமும் எடுத்துக்கொள்ளாதவள், சொன்னபடி அசையாமல் கிடந்தாள். கரண்டி இப்போது நல்லுசாமி கையில். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற அவர், முதல் நாளே கஞ்சியை அவள் கழுத்தில் ஊற்றினார். நர்சம்மா வந்து, கரண்டியைக் கீழ் உதட்டில் தொட்டுவிட்டு அவள் வாயைத் திறந்த பிறகு ஊட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஐந்தாம் நாள் ராமுத்தாய் அவருடைய எட்டு நாள் கூத்தை நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, சிரிக்கக் கூடாதென்று உதட்டை மடித்துக்கொண்டாள். "சிரிச்சிராத தாயி, சிரிச்சிராத" என்று நல்லுசாமி பதறிப்போனார். என்ன நினைத்துச் சிரிக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னும் சிரிப்பாள்.

கட்டு அவிழ்க்கிற அன்று டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். வலது கண்ணுக்கு நேரே விரலை நீட்டினார்.

"எத்தனை?"

"மூணு."

நல்லுசாமி எட்டிப் பார்த்தார். மூன்றுதான். நர்சம்மா சிரித்தாள். அவருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, யாரை என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் அந்தக் கண்ணை ஓர் அட்டையால் மூடிவிட்டு, இடது கண்ணுக்கு எதிரே கையைக் கொண்டுபோனார். விரல் எதையும் நீட்டவில்லை. கை மூடியே இருந்தது.

"இப்ப?"

ராமுத்தாய் கொஞ்சமும் தயங்கவில்லை. "ரெண்டு" என்றாள்.

டாக்டர் நல்லுசாமியைத் திரும்பிப் பார்த்தார். அறையில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியிலேயே தப்பாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, அவள் அவசரமாக, "இல்ல, நாலு" என்றாள். மடியில் இருந்த அவள் கை, சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

நல்லுசாமி கட்டிலுக்கு அருகே போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கையைப் பிடித்தார்.

"தெரியலன்னு சொல்லு ராமுத்தாயி" என்றார். "நான் இங்கனதான் இருக்கேன். தெரியலன்னு சொல்லு."

டாக்டர் அட்டையை எடுக்காமல் காத்திருந்தார்.

"தெரியல" என்றாள்.