காற்றோட்டத்துக்காக இரண்டு வாசல்

அந்த மண்டபத்துக்கு முன்பக்கம் இரண்டு. பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. எந்தக் கட்டடத்துக்கும் வாய்க்காத இந்தப் பாக்கியம் இதற்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டால், ஊரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: காற்றோட்டத்துக்காக. வாய் கூசாமல் சொல்வார்கள்.

நடந்தது வேறு. மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் நடுவில் சும்மா கிடந்த தன் நிலத்தை மாவு மில்காரர் ஊர்ப் பொதுவுக்குக் கொடுத்தார். மண் சுமந்ததும் சுவர் எழுப்பியதும் பள்ளத்தெரு ஆட்கள். வாசல் எந்தப் பக்கம் என்ற பேச்சு வந்ததும் வேலை நின்றது. மேட்டுத்தெருக்காரர்கள் பள்ளத்தெரு வழியாக நுழைய மாட்டார்களாம். பள்ளத்தெருக்காரர்களோ, தங்கள் கையால் கட்டியதற்குள் ஊரைச் சுற்றிக்கொண்டு போக மாட்டோம் என்றார்கள். மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் மில்காரர், "ஆளுக்கொரு வாசல் வெச்சுத் தொலைங்கப்பா" என்றார். வைத்துத் தொலைத்தார்கள். இரண்டு பக்கமும் முகப்பாகிவிட்டதால் கழிவறையை ஒதுக்குப்புறமாக வைக்க இடமில்லாமல், மேடைக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். மேடையில் யாராவது உருக்கமாகப் பேசும்போது வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்பது இன்றைக்கும் உண்டு.

நர்ஸம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. மில்காரர் அவளைப் பெற்ற அப்பா. சுவர் எழுப்பிய கொத்தனார்களில் இளையவர் அவள் கட்டிக்கொண்ட புருஷன். மேட்டுத்தெருவில் பிறந்து பள்ளத்தெருவில் வாழப்போன முதல் பெண் அவள்தான். இரண்டாவது பெண் இன்னும் கிளம்பவில்லை. அப்பா அதற்கப்புறம் அவளோடு பேசாமலே கண்ணை மூடினார். அண்ணன் பேசாமலே உயிரோடு இருந்தார். மில்லோடு மண்டபத் தலைவர் பதவியும் அவர் கைக்குப் போனது.

கூடவே ஒரு பேச்சும் போனது. மண்டபத்தில் என்ன விசேஷம் நடந்தாலும் தலைவர் மேடையேறி, மண்டபம் எழுந்த வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் வாழ்த்துவார். அப்பா தொடங்கி வைத்த வழக்கம். வார்த்தை பிசகாத அதே வரலாறு, அதே காற்றோட்டம். முன்வரிசைப் பிள்ளைகள் கூடவே வாயசைக்கும். அண்ணன் தன் பங்குக்குச் சேர்த்தது ஒரே ஒரு வரி: "எங்கப்பாவுக்கு மகன், மகள், வாரிசு எல்லாமே நான் ஒருத்தன்தான்."

ஊர்க் கல்யாணங்களில் பள்ளத்தெரு வாசலோரம் உட்கார்ந்து நர்ஸம்மா அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். வலிக்காது, வலிக்காது என்று ஊருக்கே பொய் சொல்லி ஊசி போடுகிறவளுக்கு, அந்த வரி ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் குத்தியது.

கொத்தனார் போய்ச் சேர்ந்தபோதும் அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு மகளுக்கு வெளியூரில் நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்துக்கு நர்ஸம்மா அந்த மண்டபத்தைத்தான் கேட்டாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, வேற இடமே கிடைக்கலையா? வலியப் போய் வாங்கிக் கட்டிக்கணுமா?"

"வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டாரு. மண்டபத்துல நடந்தா தலைவர் வந்துதானே ஆகணும்?"

"வந்து? அந்த வரலாற்றைச் சொல்லுவாரு."

"சொல்லட்டுமே. தங்கச்சி பொண்ணு மணமேடையில உக்காந்திருக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் எப்படிச் சொல்லுவாரு? நாக்கு எழும்புமா?"

"அவருக்கு எழும்பும்," என்றாள் நாத்தனார்.

அண்ணன் மறுபேச்சில்லாமல் மண்டபத்தைக் கொடுத்தது வேறு அவளுக்குத் தெம்பாகிவிட்டது. கேட்டவர் யாராயிருந்தாலும் இல்லையென்று சொல்லக்கூடாது என்பது அப்பா போட்ட விதி. அண்ணன் அதை மீறியதேயில்லை. அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அண்ணன் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், சீர் செய்ய வேண்டாம். அந்த ஒரு வரியை அன்றைக்கு மட்டும் விழுங்கினால் போதும். அந்த ஆசையில்தான் சம்பந்தியம்மாவிடமும், "எங்க அண்ணன் வருவாரு, பாருங்க" என்று வாயை விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் விவரம் தெரியாத புண்ணியவான்கள். கல்யாணத்தன்று மேட்டுத்தெரு வாசலில் நுழைந்து, பள்ளத்தெரு வாசலில் கை கழுவி, மறுபடியும் மேட்டுத்தெரு வாசலில் போய் வெற்றிலை துப்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். யாருக்கும் கால் விளங்காமல் போய்விடவில்லை.

அண்ணன் தன் வாசல் வழியாக வந்தார். சுற்றாத மின்விசிறியைச் சுற்ற வைத்தார். வயசானவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, வரலாற்றைத் தொடங்கினார். நிலம் வந்தது, மண் வந்தது, சுவர் வந்தது, காற்றோட்டமும் வந்தது. நர்ஸம்மா மகளுக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த வரி வரவேண்டிய இடத்தில் அண்ணன் நின்றார். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. அவர் திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் கண் அப்படியே அவருக்கு. அண்ணே என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது.

"எங்கப்பாவுக்கு மகன், மகள், வாரிசு எல்லாமே நான் ஒருத்தன்தான்," என்றார் அண்ணன், அவளைப் பார்த்துக்கொண்டே.

கூட்டம் வழக்கம்போலத் தலையாட்டியது. பள்ளத்தெருக்காரர்களும்தான் ஆட்டினார்கள். படுபாவிகள், பழக்கதோஷம்.

பிறகு எல்லா ஜோடிக்கும் கொடுக்கிற சுவர்க் கடிகாரத்தை மணமக்கள் கையில் கொடுத்தார். மகள் மெல்ல, "மாமா" என்றாள். "போட்டோக்காரரைப் பாரும்மா," என்றார் அவர். படம் எடுத்து முடிந்ததும் இறங்கிவிட்டார்.

சம்பந்தியம்மா நர்ஸம்மாவைத் தேடி வந்தாள். "உங்க அண்ணன் வருவாருன்னு சொன்னீங்களே, இன்னும் காணோமே?"

"அவரால வர முடியலைங்க."

"அடடா. போகட்டும் விடுங்க. கூடப் பிறந்தவர் வராட்டி என்ன, இந்தத் தலைவர் எவ்வளவு பொறுப்பா நின்னு பாத்துக்கிட்டாரு! கிளம்பறாரு போல. வாங்க, ஒரு நன்றி சொல்லிடுவோம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நர்ஸம்மா மிதிக்காத மேட்டுத்தெரு வாசல். அண்ணன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று சிரித்த முகத்தோடு பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க, தலைவரே," என்றாள் நர்ஸம்மா.

அண்ணன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதுக்கென்னம்மா," என்றார். "எல்லாருக்கும் செய்யறதுதானே."