செக்கின் பின்பக்கம்

என் பெயருக்கு வந்த முதல் செக்கை நான்கு நாட்கள் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு ஹோட்டலின் நாற்பது ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்த கூலி அது. பணமாகத் தருவார்கள் என்று பெரிய பையோடு போனேன். கணக்குப் பார்க்கிறவர் ஒரு தாளை நீட்டி, "பேங்க்ல போட்டுக்கோங்கம்மா" என்றார். எனக்கு ஏது பேங்க்? என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். கூலியைக் கையில் வாங்கி, வீடு வருவதற்குள் பாதியைக் கரைத்துவிடுகிற மகராசன்.

அந்தப் பணம் சனிக்கிழமைக்குள் வேண்டும். தெருமுனையில் முடிதிருத்துகிறவர் காலி செய்த அறைக்கு முன்பணம் கொடுத்தால் அறை எனக்கு, இல்லையென்றால் செருப்புக்கடைக்காரருக்கு. ஒன்பது வருஷமாகச் சாப்பாட்டு மேசையில்தான் தைக்கிறேன். யாருக்காவது பசித்தால் துணியைச் சுருட்டு, சாப்பிட்டு முடித்தால் மேசையைத் துடை, மறுபடி விரி. எனக்கென்று ஒரு கதவும் பூட்டும் வேண்டுமென்று ஏங்கிப் போயிருந்தேன்.

பேங்கில் விசாரித்தேன். புதுக் கணக்கு திறக்கப் பத்து நாள் ஆகுமாம். மளிகைக்கடைக்காரரிடம் கேட்டேன். "நான் மாத்தித் தரேன். நூத்துக்குப் பதினைஞ்சு எனக்கு" என்றார்.

"ஏன், தையல் மிஷினையும் சேர்த்து எடுத்துக்கோங்களேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்தது ஒரே வழி. செக்கின் பின்பக்கத்தில் இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போனால் அவர் கணக்கில் போடலாம். எங்கள் குடும்பத்திலேயே கணக்கு வைத்திருப்பது என் வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார் ஒருத்திதான். மருத்துவமனையில் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வை, மாதச் சம்பளம், தனிக்கட்டை. அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் வீட்டுக்கு நான் தைத்த திரை ஒரு பக்கம் குட்டையாம். நாலு பேர் முன்னால் சொன்னாள். கோணல் அவள் வீட்டு ஜன்னலில், பழி என் கத்தரிக்கோல் மேல்! அன்றிலிருந்து நாங்கள் எது பேசினாலும் நடுவில் என் வீட்டுக்காரர்தான் தபால்காரர்.

அவரே அவளிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு லாரியில் ஏறினார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பேங்குக்கு வந்துடுவா. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தா போதும்."

"பேசினாத்தானே சண்டை" என்றேன்.

சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் இருந்தாள். தபால்காரர் ஊரில் இல்லாததால் அந்த வேலை பாவம் அவள் தலையில் விழுந்தது.

"செக்கைப் பின்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார் அந்தப் பெண்ணிடம்.

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க" என்றேன் நான்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்மா, பக்கத்துல பக்கத்துலதானே நிக்கிறீங்க?"

எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே நாத்தனாரும் போட்டாள். அந்தப் பெண் முத்திரை குத்திவிட்டு, "பணம் ஏற அஞ்சு வேலைநாள் ஆகும். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள்.

ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ, நேராக நாத்தனார் பக்கம் திரும்பினேன்.

"அண்ணி, நாளைக்குக் கொடுக்கணும். இல்லேன்னா ரூம் கைவிட்டுப் போயிடும் அண்ணி!"

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கவுண்டர் பெண்ணிடம், "அதே தொகையை என் கணக்கிலேர்ந்து இப்பவே எடுக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"எடுக்கலாம். ஆனா செக் திரும்பி வந்துச்சுன்னா நஷ்டம் உங்களுக்குத்தான். யோசிச்சுக்கோங்க."

"ஹோட்டல்காரனை இவ சும்மா விட்டுடுவாளா? மூணு வருஷமா இவ கோவத்தை வாங்கிக் கட்டிக்கிட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் சிரித்தபடி பணத்தை எண்ணித் தந்து, ஒரு சின்னச் சீட்டையும் நீட்டினாள். நாத்தனார் அதைச் சட்டென்று மடித்தாள். ஆனாலும் மிச்சத் தொகை என் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு நாள் பஸ் டிக்கெட்டுக்குக் காணும், அவ்வளவுதான். பணத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு பூதம் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று மூன்று வருஷம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வாசலுக்கு வந்ததும் பணத்தை என் கையில் திணித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? மூணு வேளையும் உன் வீட்லதான். தம்பி வேற ஊர்ல இல்ல. யாரை விட்டுப் பரிமாறச் சொல்லுவே?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துத் தொலைத்தேன்.

சனிக்கிழமை காலையில் முன்பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கினேன். அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டாள். உப்புக் கம்மி என்றாள். உங்கள் நாக்குக்கு எது சரியாக இருந்திருக்கிறது என்று கேட்டேன். ஒரு வேளை தவறாமல் வந்தாள், ஒரு வேளை தவறாமல் சண்டை போட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பணம் அவள் கணக்கில் ஏறியிருக்கும். ஏறியதா என்று நான் கேட்கவில்லை. ஏறிவிட்டதென்று அவளும் சொல்லவில்லை. மறுநாள் சனிக்கிழமையும் தட்டை வைத்தேன், வந்து உட்கார்ந்தாள்.