பார்த்தவர் கையொப்பம்

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையே கிடையாது. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே. நான் லிஃப்ட் மெக்கானிக். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன், மூன்று மணிக்கு வேலை முடியும். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சமைத்து வைத்து, பகல் ஒரு மணிக்குப் போனாளென்றால், அவள் திரும்பும்போது பிள்ளைகளோடு நானும் உறங்கிப் போயிருப்பேன். விடிந்து நான் கிளம்பும்போது அவள் கட்டிலின் ஓரத்தில் சுருண்டு கிடப்பாள். எழுப்பினால் அவள் பாவம், எழுப்பாவிட்டால் நான் பாவம். பெரும்பாலும் நான்தான் பாவம்.

ஐந்து மாதமாக இந்தக் கதைதான். அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் ஒரே சமயத்தில் விலகியதிலிருந்து அவளுக்கு வார விடுமுறை பேருக்குத்தான். தப்பித் தவறிக் கிடைத்தாலும், அன்றைக்கென்று பார்த்து எவனாவது ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுவான்.

ஆகவே எங்கள் குடித்தனம் ஒரு நோட்டில் நடந்தது. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட நீள நோட்டு. இந்த யோசனை யாருடையது என்பதில் எங்களுக்குள் போட்டி உண்டு. எங்கள் தொழிலில் ஒவ்வொரு கட்டிடத்தின் உச்சியிலும் மோட்டார் அறையில் ஒரு பதிவேடு இருக்கும். என்ன பழுது, என்ன செய்தோம், தேதி, நேரம், கையொப்பம். அவள் தொழிலிலும் அப்படித்தான். ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிக்கொள்பவர் 'பார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிற இரண்டு ஜென்மங்கள் கல்யாணம் செய்துகொண்டால் வீடு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"சின்னவள்: பால் அரை டம்ளர். இடது முழங்காலில் சிராய்ப்பு, மருந்து போட்டாச்சு. பெரியவள்: வீட்டுப்பாடம் பாக்கி" என்று அவள் எழுதியிருப்பாள். பார்த்தவர் என்று நான் கையெழுத்துப் போடுவேன். "சமையலறைக் குழாய் சொட்டியது. வாஷர் மாற்றப்பட்டது" என்று நான் எழுதுவேன். பார்த்தவர், அவள். ஒருமுறை "முதுகு வலிக்கிறது" என்று எழுதினேன். மறுநாள், "அலமாரியில் இரண்டாவது தட்டில் களிம்பு உள்ளது" என்று பதில் இருந்தது. களிம்பு இருந்தது. முதுகில் தேய்த்துவிட ஆள்தான் இல்லை.

அந்த நோட்டில் ஒன்றரை மாதமாக ஒரு வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. "பெரியவள்: பேச்சு குறைவு. தொடர்ந்து கவனிக்கவும்."

பெரியவளுக்கு எட்டு வயது. வாயைத் திறந்தால் மூடாதவள். கேள்வி கேட்டே ஆளைச் சாகடிப்பாள். அவள்தான் திடீரென்று அளந்து பேச ஆரம்பித்தாள். அப்பா, சரி, வேண்டாம், ஒண்ணுமில்ல. இந்த நாலு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டினாள். அவள் அம்மா எழுதினாள், நான் கையெழுத்திட்டேன். நான் எழுதினேன், அவள் அம்மா கையெழுத்திட்டாள். காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்திருப்போம், கதவு இடித்தால் திருகை முடுக்கியிருப்போம். இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல், தொடர்ந்து கவனித்தோம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. பேசாமலே வாழ்வதை அவள் எங்களிடம்தான் கற்றுக்கொண்டாள் என்று மனதுக்குள் ஒரு குரல் குடைந்துகொண்டே இருந்தது.

அன்று வியாழக்கிழமை. மூன்றேகாலுக்குப் பள்ளி வாசலில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். நாலு வயது வாண்டு என் சுண்டு விரலைப் பிடித்துத் தொங்கினாள். பெரியவள் இரண்டடி பின்னால் வந்தாள்.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சும்மா?"

"ஒண்ணுமில்ல."

"டீச்சர் ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"எங்க டீச்சர் சொன்னாங்க, பெஞ்சுக்கு அடியில படுக்கக் கூடாதுன்னு," என்றாள் வாண்டு. "நான் படுக்கல. உருண்டேன்."

வீட்டுக்கு வந்து ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டது போலிருந்தது. புது நோட்டு வாங்க வேண்டுமா என்று பார்க்க, மிச்சம் எத்தனை தாள் என்று பின்னாலிருந்து புரட்டினேன். வெற்றுத் தாளைக் காணோம். பென்சில் எழுத்து. தலைகீழாக இருந்தது. நோட்டைத் திருப்பிப் பிடித்தேன்.

பெரியவளின் கையெழுத்து. கோடு போட்டு, எங்கள் நோட்டில் இருப்பது போலவே தேதி, நேரம், பெயர் எல்லாம் வரிசையாக இருந்தது.

"அப்பா: சாப்பிட்டார். நின்றுகொண்டே. பெருமூச்சு 3 தடவை."

"அம்மா: தலை வாரினாள். கண் மூடிக்கொண்டே. பின்னல் நன்றாகத்தான் வந்தது."

"சின்னவள்: அம்மா எங்கே என்று கேட்டாள். டியூட்டி என்று சொல்லப்பட்டது."

"அம்மா: தூங்கும்போது என் கையைப் பிடித்தாள். விடவில்லை. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே வேண்டுகோள்: "நாலு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். நாலு தட்டு. தயவுசெய்து." ஒவ்வொன்றுக்கும் கீழே 'பார்த்தவர்' என்று எழுதி ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எங்கள் கையெழுத்து எங்குமே இல்லை. சிவப்பு கிரையானில் ஒரு சுருள் மட்டும் இருந்தது. அது வாண்டுவின் வேலை. அக்கா படித்துக் காட்டியிருக்கிறாள், படிக்கத் தெரியாத ஒருத்தி பார்த்தவராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இருபது வெள்ளிக்கிழமைக்கும் போட்டிருக்கிறாள்.

கடைசியாக, நேற்றைய தேதியில் ஒரு வரி. "நாளையிலிருந்து எழுத மாட்டேன். ஒரு தாள்தான் இருக்கிறது. அது அவங்களுக்கு வேணும்."

ஏன் பின்னாலிருந்து எழுதினாள் என்று ஒரு நிமிடம் முழித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். நோட்டு புதிதாக இருந்தபோது பெரியவள் அதில் பென்சிலால் ஏதோ எழுதினாள். வேலையிலிருந்து எரிச்சலோடு வந்த நான், "இது விளையாடுற நோட்டு இல்லடி. எழுதணும்னா பின்னாடி போய் எழுது," என்று கத்தினேன். "பின்னாடி எழுதினா படிப்பீங்களா?" என்று கேட்டாள். "படிப்போம், படிப்போம்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

எங்களுக்குத் தேதி முக்கியம். இன்றைய பக்கத்தைத் திறப்போம், பார்ப்போம், கையெழுத்துப் போடுவோம், மூடுவோம். ஐந்து மாதமாக அந்த நோட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை கையில் எடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பெரியவள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ரொட்டி.

"பாத்துட்டீங்களா?" என்றாள்.

"இப்பத்தாம்மா பாத்தேன்."

"கையெழுத்து இல்லல்ல. அதான் இன்னும் படிக்கலைன்னு நெனச்சேன்."

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்களும் அம்மாவும் எழுதித்தானே சொல்லிக்கிறீங்க?"

போனை எடுத்து அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். டியூட்டி நேரத்தில் கூப்பிடுவது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உனக்கு பிரேக் எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு. இருபது நிமிஷம். ஏங்க? சொல்லுங்க, யாருக்கு என்ன?"

"வெளிய வந்து நில்லு. நாங்க வரோம். சாப்பிடாம வா."

"விளையாடுறீங்களா?"

"இல்லம்மா," என்றேன். "குரல் நல்லா இருக்கு உனக்கு. மறந்தே போயிடுச்சு." அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

நாலு தட்டு, பழைய செய்தித்தாள், ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை. எல்லாவற்றையும் என் கருவிப் பையில் வைத்தேன். ஸ்பேனர்களை வெளியே எடுக்க மறந்ததால் பஸ் குலுங்கும்போதெல்லாம் பை கடகடவென்றது. பெரியவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வாண்டு மட்டும் ஏறின ஆட்களிடமெல்லாம், "எங்க அம்மாவைப் பார்க்கப் போறோம்," என்று சொன்னாள். அதைக் கேட்ட ஓர் அம்மாள் பரிதாபமாக, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருந்தாலும் வாழைப்பழம் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. அவள் சீருடையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். இளைத்திருந்தாள். எப்போது இளைத்தாள்? அது நோட்டில் இல்லை. முதல் காரியமாக மூன்று பேர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

"ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லையே. அப்புறம் எதுக்கு?"

பெரியவள் நோட்டைத் திருப்பி நீட்டினாள். நான் தட்டுகளை வைத்தேன். அவள் அம்மா ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் நோட்டுமாகப் படித்தாள். பாதியில் மெல்லுவதை நிறுத்தினாள்.

"கையைப் புடிச்சேனா? அன்னைக்கு முழிச்சிட்டா இருந்த?"

"ம்."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"பாவம்னு விட்டேன்," என்றாள் பெரியவள். நான் தினமும் மனதில் சொல்லிக்கொள்கிற அதே வார்த்தை.

அவள் அம்மா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். முதல் வெள்ளிக்கிழமைக் கோட்டின்மேல் வைத்தவள், தயங்கி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. பார்க்காத நாளுக்குப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவது எங்கள் இரண்டு தொழிலிலும் பெரிய குற்றம். அந்த இருபது கோடுகளை இனி எங்களால் நிரப்ப முடியாது. அவை வாண்டுவின் சுருளோடு அப்படியேதான் இருக்கும்.

"போடாதீங்க," என்றாள் பெரியவளும். "அது பொய்க் கையெழுத்து."

பத்தாவது நிமிடத்தில் அவள் அம்மாவின் போன் அடித்தது. வார்டில் கூப்பிடுகிறார்கள். முட்டையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாண்டு அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். நான்தான் பிரித்து எடுத்தேன். பெஞ்சில் நாலு தட்டு இருந்தது, மூன்று பேர் இருந்தோம். தப்புச் செய்துவிட்டோமோ, இல்லாத ஆசையைக் கிளப்பிவிட்டோமோ என்று திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் நான் கையைக்கூடக் கழுவவில்லை. நோட்டை எடுத்து நேராகப் பின்பக்கம் திருப்பினேன். மிச்சமிருந்த அந்த ஒரு தாளில் பெரியவள் எழுதியிருந்தாள்.

"அப்பா: உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு தடவை சிரித்தார். அம்மா: 10 நிமிஷம். போகும்போது 3 தடவை திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு. தொடர்ந்து கவனிக்கவும்."

அதற்குக் கீழே வாண்டுவின் சிவப்புச் சுருள். அதை ஒட்டி அவள் அம்மாவின் கையெழுத்து, இன்றைய தேதி, காலை ஏழு இருபது. பக்கத்தில் ஒரு கோடு காலியாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

பெரியவள் என் முழங்கைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நேரம் போடலையேப்பா," என்றாள். "அப்புறம், புது நோட்டு எப்ப வாங்கப் போறோம்? எனக்குத் தனியா வேணாம். இதே மாதிரி ஒண்ணே போதும். ஆனா அதுல நான் முன்னாடி எழுதலாமா?"

ஒன்றரை மாதத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. மூன்று நாற்பத்தைந்து என்று நேரம் போட்டேன்.