ஜெயச்சந்திரன் சரிபண்ணிய கட்டம்

மாற்றலாகி ஆரணிக்கு வந்த நான்கு வருடமாக ஜாக்குலின் டீச்சர் அந்த விளையாட்டை லேப்டாப்பில், முகம் தெரியாதவர்களோடுதான் ஆடினாள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் திருடனாகவும் பகடை உருட்டி, சதுரக் கட்டம் போட்ட வரைபடத்தில் நகரும் விளையாட்டு. கெஞ்சிக் கூத்தாடி, கூட வேலை பார்க்கும் மூன்று பேரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். "ஒரு ஞாயித்துக்கெழம வர்றோம். போரடிச்சா அதோட சரி," என்று கறாராகச் சொன்னாள் தமிழ்ச்செல்வி. அன்றைக்குச் சொதப்பினால் மறுபடி லேப்டாப்தான்.

அதனால் காகிதத்தில் டீச்சர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஜெயச்சந்திரனின் பிரிண்டிங் கடையில் ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தாள். வழவழப்பில் பென்சில் பிடிக்காது, மெல்லியது ரப்பர் போட்டால் கிழியும். ஒருவழியாகச் சொரசொரப்பான கெட்டித் தாள் ஒன்று தேறியது.

"கிராஃப் ஷீட்டுங்க. ஏ3ல நாலு. ஒரு இஞ்ச் கட்டம், கோடு மங்கலா."

"டிசைன் வரையத்தானே மேடம்? நம்மகிட்ட நாள் பூரா அதான் ஓடிகினு கீது."

டீச்சர் தலையாட்டினாள். அரைமணியில் சுருட்டிக் கொடுத்தார். "நீங்க சொன்ன அளவுல சின்ன தப்பு. சரிபண்ணிட்டேன்," என்றார் பெருமையாக. என்ன தப்பு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கசங்கிவிடும் என்று சுருளைப் பிரிக்கவுமில்லை.

ஞாயிறு, சர்ச் முடிந்து, எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு விரித்தாள். கதையில் வரும் குகையை வரையப் பென்சிலை எடுத்தாள். ஒரு கட்டமும் சதுரமில்லை, எல்லாம் நெட்டை நெட்டையாக நின்றன. ஒரு முறைக்கு ஆறு கட்டம் நகரவேண்டிய ஆட்டம்; இதில் குறுக்கே ஆறு கட்டம் ஒரு தூரம், நெடுக்கே ஆறு கட்டம் வேறு தூரம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தமிழ்ச்செல்வி தாளை இழுத்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் வீட்டில் இரண்டு தறி. "இது பொடவ கிராஃப் டீச்சர்! சதுரத்துல மயில் வரைஞ்சா நெசவுல கழுத்து நீண்டுக்கும். அதுக்காக கட்டத்தயே நீட்டிடுவாங்க."

"அப்ப இன்னிக்கு ஆட முடியாது."

"ஏன் முடியாது? குகைய தறியில நெய்தாங்கன்னு வெச்சிக்கோங்க. குறுக்க, ஊடை பக்கம் நடந்தா ஆறு கட்டம், நெடுக்க, பாவு பக்கம் அஞ்சு. கணக்கு சரியாப்பூடும். என் திருடன் எங்க நிக்கிறான்?"

நான்கு மணிக்கும் திருடன் குகைக்குள்தான் இருந்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தாளில் இடம் தீர்ந்ததும் தமிழ்ச்செல்வி போனை எடுத்தாள்.

"ண்ணா, டீச்சருக்குப் போட்ட கிராஃப் இன்னும் நாலு வேணும். அடுத்த ஞாயித்துக்கெழமக்கி. அவங்க வந்து சதுரமா கேட்டாலும் குடுத்துடாதீங்க."